பாரணை இல்லாத விரதம்
தோட்டத்து முதியோரும் நோய் எதிர்ப்புச் சக்தியும்

மலையகத் தோட்டங்களில் விரதம் ஒரு புதிய விடயமன்று. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும், தீ மிதிப்போரும் காவடி எடுப்போரும் ஒருவேளை உணவோடு நாட்களைக் கடத்துவர். கந்தசஷ்டியின் ஆறு நாட்களும் நோன்பிருப்போர் பலர். கத்தோலிக்கக் குடும்பங்களில் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். ஹட்டன், நுவரெலியா கடைவீதிகளில் முஸ்லிம் சகோதரர்கள் ரமழான் மாதம் முழுவதும் பகலில் தண்ணீரும் அருந்துவதில்லை. போயா தினத்தில் சில் அனுட்டிக்கும் பௌத்த அயலவர் நண்பகலுக்குப் பின் உணவு கொள்வதில்லை.

இவை யாவற்றுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. ஒவ்வொரு விரதத்துக்கும் தொடக்கம் இருப்பது போல முடிவும் இருக்கின்றது. முடிவில் உணவு இருக்கின்றது. சஷ்டிக்குப் பின் பாரணை, ரமழானுக்குப் பின் பெருநாள், தவக்காலத்துக்குப் பின் உயிர்ப்பு ஞாயிறு. உண்ணாதிருப்பவர், அடுத்து உண்ணப்போவது எப்போது என்பதை அறிந்தே இருக்கின்றார்.

அண்மைக் காலத்தில் வேறொரு விரதம் எமது தோட்டங்களுக்குள் பேச்சாக வந்து சேர்ந்துள்ளது. நாளொன்றில் 16 மணித்தியாலம் உண்ணாதிருந்து எஞ்சிய 8 மணித்தியாலத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்வது, அல்லது வாரத்தில் இரண்டு நாட்கள் மிகக் குறைவாக உண்பது என்பன இதன் முறைகள். உடல் மெலியும், சீனி வியாதி கட்டுப்படும், வயதானவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்றெல்லாம் சொல்லப்படுகின்றது. கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் கேட்டதைத் திருவிழாவுக்கு வரும்போது லயத்துக்குக் கொண்டு வருகின்றனர். "அம்மாயி, இராச் சாப்பாட்டை விட்டுட்டா ஒடம்புக்கு நல்லதாம்" என்று பேரப்பிள்ளை சொல்ல, ஏற்கெனவே பாதி நாட்கள் இராச் சாப்பாட்டை விட்டுக்கொண்டிருக்கும் கிழவி தலையாட்டுகின்றார்.

இந்தத் தலையாட்டல்தான் எம்மை இதனை எழுதத் தூண்டியது. உண்ணாநோன்பு பற்றிய ஆய்வுகள் உண்மையில் கூறுவது என்ன? அவை யாருடைய உடலைப் பற்றிப் பேசுகின்றன? எமது தோட்டங்களில் ஓய்வுபெற்று வாழும் முதியோருக்கு அவை பொருந்துமா?

வயதாகும்போது நிகழ்வது

எமது நெஞ்சு எலும்புக்குப் பின்னால் தைமசு என்னும் சிறு சுரப்பி ஒன்று உள்ளது. நோய்க்கிருமிகளை இனங்கண்டு எதிர்க்கும் ஒரு வகை வெண்குருதிக் கலங்கள் இங்குதான் பயிற்சி பெறுகின்றன. பருவ வயதுக்குப் பின் இச்சுரப்பி சுருங்கத் தொடங்குகின்றது. 60 வயதைக் கடந்தவரில் அதன் பெரும்பகுதி கொழுப்பாக மாறியிருக்கும். பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் கலங்கள் உடலில் இருக்கும். ஆனால் புதிய கிருமியைச் சந்திக்கப் பயிற்சி பெற்ற புதுக் கலங்களோ குறைந்துவிடும். தடுப்பூசி கூட இளைஞருக்குத் தரும் பயனை முதியோருக்கு முழுமையாகத் தராதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதனோடு இன்னொன்றும் நிகழ்கின்றது. வயதான உடலில் சாம்பலுக்குள் தணல் போல ஓர் அழற்சி ஓயாது எரிந்துகொண்டிருக்கும். இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ பிரான்செஸ்கி 2000 ஆம் ஆண்டில் இதற்கு ஒரு தனிப் பெயரிட்டு விளக்கினார். கிருமி வரும்போது எரிய வேண்டிய நெருப்பு, கிருமி இல்லாதபோதும் மெல்ல எரிந்து இருதயத்தையும் இரத்தக் குழாய்களையும் தசைகளையும் பழுதாக்குகின்றது.

முதுமையில் அக்கி வெடிப்பதும், இளமையில் உள்ளே அடங்கிக் கிடந்த காசநோய் மீண்டும் தலைதூக்குவதும், சாதாரண தடிமன் நெஞ்சுச் சளியாக மாறுவதும் இதனாலேயே. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொவிட் நோயினால் எமது நாட்டில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் 60 வயதைக் கடந்தவர்கள் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

ஆய்வுகள் கூறுவது

உண்ணாநோன்புக்கு ஆதரவான ஆய்வுகள் இல்லாமலில்லை. யப்பானிய விஞ்ஞானி யொஷினோரி ஒசுமி ஈஸ்ட் எனப்படும் நொதியக் கலங்களைப் பட்டினி போட்டு ஆராய்ந்தார். உணவு கிடைக்காதபோது கலம் தன்னுள் கிடக்கும் பழுதடைந்த பகுதிகளைத் தானே உடைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது என்பதன் வழிமுறையை அவர் கண்டறிந்தார். இதற்காக 2016 இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வீட்டில் விறகு தீர்ந்தால் உடைந்த நாற்காலியை அடுப்பில் வைப்பது போன்ற செயல் இது.

அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் லோங்கோ தலைமையிலான குழுவினர் 2014 இல் எலிகளில் நடத்திய ஆய்வு மிகவும் பேசப்பட்டது. இரண்டு முதல் நான்கு நாட்கள் வரை உணவின்றி இருந்த எலிகளில் வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. மீண்டும் உணவு கொடுத்தபோது, என்பு மச்சையிலுள்ள மூலக் கலங்கள் விழித்தெழுந்து புதிய கலங்களை உருவாக்கின. வயதான எலிகளிலும் இவ்வாறான புதுப்பித்தல் காணப்பட்டது. இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், புதிய கலங்கள் பிறந்தது பட்டினியின்போது அன்று. பட்டினிக்குப் பின் உணவு கிடைத்தபோதுதான். விரதம் இடத்தைத் துப்புரவு செய்தது, பாரணைதான் வீட்டைக் கட்டியது.

மனிதரில் நடந்த ஆய்வுகளுள் முக்கியமானது, அமெரிக்காவில் கலரி என்னும் பெயரில் மூன்று நிலையங்களில் நடந்ததாகும். இது நேரம் பார்த்து உண்ணும் முறையைப் பற்றியதன்று. நாளாந்த உணவின் அளவைக் குறைத்தல் பற்றியது. இதிற் பங்குபற்றிய 218 பேரில் ஒரு பகுதியினர் இரண்டு ஆண்டுகள் தமது உணவைக் குறைத்தனர். அவர்களது தைமசுச் சுரப்பி முன்னரைவிடக் கூடுதலாக இயங்கியதாக 2022 இல் வெளியான முடிவு ஒன்று கூறியது. இது மெய்யாகவே நம்பிக்கை தரும் செய்தியாகும்.

ஆனால் பங்குபற்றியவர்கள் யார் என்று பார்ப்போம். அவர்கள் 50 வயது வரையிலானவர்கள்; நல்ல உடல்நலமுள்ளவர்கள்; எவரும் மெலிந்தவரல்லர். உணவைக் குறைத்தவர்களுக்கு உயிர்ச்சத்துக் குளிசைகள் கொடுக்கப்பட்டன, உணவியல் நிபுணர்கள் பின்நின்று ஆலோசனை கூறினர், வைத்தியர்கள் தொடர்ந்து பரிசோதித்தனர். நிறைந்த தட்டிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து வைத்தவர்கள் அவர்கள். தட்டில் இருப்பதே ஒரு கைப்பிடியாக இருப்பவர்களைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் கூறவில்லை.

எதிர்த் திசையில் எச்சரிக்கை தரும் ஆய்வுகளும் உள்ளன. நியூயோர்க் நகரின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியினர் 2023 இல் வெளியிட்ட எலி ஆய்வில், 24 மணித்தியாலம் உணவின்றி இருந்தபோது ஒரு வகை வெண்குருதிக் கலங்கள் குருதியை விட்டு என்பு மச்சைக்குள் சென்று ஒதுங்கின. உணவு மீண்டும் வந்ததும் அவை பெருவெள்ளம் போலக் குருதிக்குள் பாய்ந்தன. அவ்வேளையில் நோய்க்கிருமி தொற்றியபோது அந்த எலிகள் வழமையாக உண்ட எலிகளைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டன.

2020 இல் சான் பிரான்சிஸ்கோவில் 116 பேரிடம் 12 வாரங்கள் நடந்த சோதனையும் குறிப்பிடத்தக்கது. அவர்கள் பருத்த உடலினர். 16 மணித்தியால நோன்பிருந்தவர்களின் நிறை ஒரு கிலோ அளவே குறைந்தது. வழமை போல உண்டவர்களுடன் ஒப்பிடும்போது பெரிய வேறுபாடு இல்லை. நோன்பிருந்தவர்களில், குறைந்த நிறையின் கணிசமான பகுதி கொழுப்பாக அன்றித் தசையாகவே இருந்தது. பருத்தவருக்கு இது சிறு இழப்பாகலாம். மெலிந்த முதியவருக்கோ தசை என்பது சேமிப்புக் கணக்கு. நோய் வரும்போது, எதிர்ப்புக் கலங்களையும் எதிர்ப்புப் பொருட்களையும் ஆக்குவதற்குத் தேவையான புரதத்தை உடல் தசையிலிருந்தே எடுக்கின்றது. அக்கணக்கில் ஒன்றும் இல்லாதவர் படுக்கையில் விழுந்தால் எழுவது கடினம்.

"லங்கணம் பரம ஔடதம்" என்று எமது மூத்தோர் கூறுவர். காய்ச்சலின்போது வயிற்றைக் காயப்போடும் வழக்கத்திலும் ஓரளவு உண்மை உண்டு. 2016 இல் யேல் பல்கலைக்கழகத்தினர் எலிகளில் கண்டது இது: ஒரு வகை பக்டீரியாத் தொற்றின்போது உணவு ஊட்டுவது தீமை செய்தது, ஆனால் இன்புளுவென்சா வைரசுத் தொற்றின்போது உடலுக்குச் சீனிச்சத்துக் கிடைக்காமற் செய்வது உயிரைப் பறித்தது. ஒரே மருந்து எல்லா நோய்க்கும் எல்லா உடலுக்கும் ஆகாது என்பதே இதன் பாடம்.

நாம் தெரிவு செய்யாத விரதம்

இனி எமது மக்களின் உடலைப் பார்ப்போம். இன்று தோட்டங்களில் 70 வயதைக் கடந்து வாழ்பவர்கள் 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைத் தமது இளமையில் அனுபவித்தவர்கள். உலக சந்தையில் தானிய விலை ஏறியது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசி கொண்டு செல்வதும் தடுக்கப்பட்டது. கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலாவது, ஒரு பலா மரமாவது இருந்தது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, லயத்துக் காம்பிராவைத் தவிர வேறெதுவும் இல்லாதிருந்த தோட்டத் தொழிலாளர், வேலை நாட்களும் குறைந்த நிலையில், மரவள்ளிக் கிழங்கையும் காட்டு இலைகளையும் உண்டனர். பலர் நகரங்களின் வீதிகளில் கையேந்தினர். அவ்வாண்டுகளில் தோட்டப்புறங்களின் மரண வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடப் பன்மடங்கு வேகமாக உயர்ந்தது.

பஞ்சம் கடந்துபோனாலும் உடல் அதை மறப்பதில்லை. ஆபிரிக்காவின் காம்பியா நாட்டில், கெனேபா முதலிய மூன்று கிராமங்களின் நீண்டகாலப் பிறப்பு இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 1997 இல் வெளியிட்ட முடிவு இதனை உணர்த்துகின்றது. அக்கிராமங்களில் ஆண்டுதோறும் அறுவடைக்கு முன் பசிக்காலம் ஒன்று வரும். பசிக்காலத்திற் பிறந்தவர்களும் அறுவடைக்காலத்திற் பிறந்தவர்களும் குழந்தைப் பருவத்தில் ஏறக்குறைய ஒரே அளவிலேயே உயிர் பிழைத்தனர். 15 வயதைத் தாண்டிய பின்னரே, பசிக்காலத்திற் பிறந்தவர்களிடையே மரணங்கள் மிகுந்தன. அவற்றிற் பல தொற்றுநோய்களால் ஏற்பட்டவை. கருவிலிருந்தபோது பட்ட பசி, நோய் எதிர்ப்புச் சக்தியின் அத்திவாரத்தையே தளர்த்தியிருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். 1974 இல் எமது லயங்களிற் பிறந்த குழந்தைகள் இன்று 50 வயதைக் கடந்து ஓய்வூதியமற்ற முதுமையின் வாசலில் நிற்கின்றனர்.

பசி பழங்கதையாகவும் ஆகிவிடவில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் உலக உணவுத் திட்டம் மேற்கொண்ட கணிப்பின்படி, நாட்டில் 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் போதிய உணவுக்கு உத்தரவாதமின்றி இருந்தனர். நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று துறைகளில் தோட்டத்துறையே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. அங்கு பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அந்நிலையிலிருந்தன. அக்காலத்தில் முதலில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டவர்கள் யார் என்று எந்தத் தோட்டத்திலும் கேட்டுப் பாருங்கள். தாய்மாரும் பாட்டிமாரும் என்ற விடைதான் வரும். "எனக்குப் பசிக்கல்ல, புள்ளைகளுக்குப் போடு" என்பது எமது லயங்களில் மிகவும் பழகிப்போன பொய்.

இதற்கு ஓர் அமைப்பு ரீதியான காரணமும் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி மொத்தமாகக் கிடைக்கின்றது. அது மகளின் கலியாணத்துக்கோ, கடனுக்கோ, கூரைத் தகரத்துக்கோ போய்விடுகின்றது. அதன்பின் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் வரை கையில் ஏதோ புரளும். முழங்கால் விட்டுப்போன பின் அதுவும் நின்றுவிடும். வருமானம் இல்லாதவர் தட்டில் தானாகவே குறைவாகப் போட்டுக்கொள்கின்றார். யாரும் அவரைப் பட்டினி போடுவதில்லை, அவராகவே ஒதுங்கிக்கொள்கின்றார்.

அவரது ஒரு நாளைக் கணக்கிடுவோம். காலையில் சீனி போட்ட பிளேன்டீ. பின்னர் கோதுமை மா ரொட்டியும் சம்பலும். இரவில் கொஞ்சம் சோறும் தண்ணீர்ப் பருப்பும். நாளொன்றுக்கு மா 200 கிராம், அரிசி 150 கிராம், பருப்பு 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 36 கிராம். முதியோருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என 2013 இல் ஐரோப்பிய முதியோர் மருத்துவ நிபுணர் குழுவொன்று பரிந்துரைத்தது. 45 கிலோ நிறையுள்ள ஒரு மூதாட்டிக்கு அது 45 முதல் 54 கிராம் வரையாகும். ஆக, மூன்று வேளையும் உண்டாலே பற்றாக்குறை. இதில் இராச் சாப்பாட்டையும் விட்டால் 20 கிராம்தான் எஞ்சும். இதனை உடலின் துப்புரவுப் பணி என்று சொல்ல முடியாது. உடைந்த நாற்காலி எரிந்து முடிந்து, இப்போது கதவும் சன்னலும் அடுப்புக்குப் போகின்றன.

உணவே மருந்தான இடம்

முதியவரானாலும் இளையவரானாலும், மெலிந்த உடலின் எதிர்ப்புச் சக்தியை எது கூட்டுகின்றது என்பதற்கு அயல்நாடான இந்தியாவிலிருந்து ஒரு தெளிவான விடை கிடைத்துள்ளது. ஜார்க்கண்ட் மாநிலம் பெருமளவில் ஆதிவாசி மக்கள் வாழும் வறிய பிரதேசம். எமது முன்னோர் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டது போல, அப்பகுதியின் சோட்டா நாக்பூர் மேட்டுநில மக்கள் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள். அங்கு 2019 முதல் 2022 வரை, வைத்தியர்களான அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் முன்னின்ற முயற்சியால் ஒரு பெரும் ஆய்வு நடைபெற்றது.

காசநோயாளர் 2,800 பேரின் வீடுகளில் வாழ்ந்த 10,345 உறவினர் இதில் அடங்கினர். நோயாளர் எல்லோருக்கும் உணவுப் பொதி வழங்கப்பட்டது. ஒரு பகுதி வீடுகளில் மட்டும், நோயாளருடன் வாழ்ந்த உறவினருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் உயிர்ச்சத்துக் குளிசைகளும் கொடுக்கப்பட்டன. 2023 இல் வெளியான முடிவின்படி, இவ்வாறு உணவு பெற்ற உறவினரிடையே புதிதாகக் காசநோய் ஏற்படுவது 39 வீதத்தால் குறைந்தது. சளியில் கிருமி உறுதிப்படுத்தப்பட்ட காசநோயோ 48 வீதத்தால் குறைந்தது. நோயாளரிலும், முதல் இரண்டு மாதங்களில் நிறை கூடியவர்களிடையே மரணம் பெரிதும் குறைந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பூசி போல வேலை செய்த கதை இது.

சமயம் என்ன சொல்கின்றது?

விரதம் என்று வரும்போது எமது முதியோர் வைத்தியரைவிடக் கோயிலையே கூடுதலாகக் கேட்கின்றனர். எனவே இதனையும் தெளிவுபடுத்துவது எமது கடமையாகும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1252 ஆவது சட்டம், ஒருசந்திக் கடமை 18 வயது நிறைவடைந்தது முதல் 60 ஆவது வயது தொடங்கும் வரையே என வரையறுக்கின்றது. அதாவது 59 ஆவது பிறந்தநாளுக்குப் பின் ஒருசந்தி கடமையன்று. சுத்தபோசனம் மாத்திரமே தொடரும். நோயாளருக்கும் விலக்கு உண்டு. இஸ்லாமும் நோன்பிருக்க இயலாத முதியோருக்கு விலக்களித்து, அதற்கு ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்குமாறு கூறுகின்றது. இந்து சமய மரபிலும் முதியோரும் நோயாளரும் பாலும் பழமும் உண்டு விரதம் அனுட்டிப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமே.

ஆனால் எமது பங்குகளில் பெரிய வெள்ளியன்று காலை முதல் வெறும் தண்ணீருடன் சிலுவைப்பாதை ஏறுபவர்கள் பெரும்பாலும் 70 வயதுப் பாட்டிமாரே. அவர்களது பக்தியை நாம் மதிக்கின்றோம். அதேவேளை, திருச்சபை அவர்கள்மீது சுமத்தாத சுமையைச் சுமக்கத் தேவையில்லை என்று பீடத்திலிருந்து சொல்வது குருக்களாகிய எமது பொறுப்பு. இறைவாக்கினர் எசாயா, நோன்பைப் பற்றிப் பேசும் 58 ஆம் அதிகாரத்தில் பசித்தவரோடு உணவைப் பகிர்வதையே உண்மை நோன்பாகக் காட்டுகின்றார் என்பதையும் மறவாதிருப்போம்.

நாம் செய்யக்கூடியவை

இடைவெளி நோன்பு எவருக்கும் ஆகாது என்பது எமது கருத்தன்று. நிறை கூடிய நடுவயதினர் வைத்திய ஆலோசனையுடன் அதனைக் கடைப்பிடிக்கலாம். தோட்டங்களிலும் மாவும் சீனியும் மிகுந்து சீனி வியாதி பரவி வருகின்றது. ஆனால் இன்சுலின் ஊசியோ சீனியை இறக்கும் குளிசையோ எடுப்பவர் தாமாகச் சாப்பாட்டை நிறுத்தினால், சீனி திடீரென இறங்கி மயக்கமும் மரணமும் ஏற்படலாம். முதியோரைப் பொறுத்தவரை பின்வருவனவற்றைச் சிந்திக்க வேண்டுகின்றோம்.

முதலாவதாக, நிறுத்துப் பாருங்கள். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளை மாதந்தோறும் நிறுக்கின்றோம். முதியோரை யாரும் நிறுப்பதில்லை. 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் 42 கிலோவுக்குக் குறைந்திருந்தால் அவர் மெலிந்தவர். 45 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் காரணமின்றி இரண்டேகால் கிலோ குறைந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். முதியோர் சங்கங்களும் இளைஞர் கழகங்களும் கொழுந்து நிறுக்கும் நாட்டில் ஆளையும் நிறுக்கலாம்.

இரண்டாவதாக, தட்டில் புரதம் சேருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. ஒரு கோப்பைப் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே. 25 கிராம் சோயா மீற்றில் 12 கிராம். ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டில் 8, 9 கிராம் வரை உண்டு. பிரஷர் உள்ளவர்கள் அதனை ஊறவைத்து உப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். எமது லயங்களில் மாடு வளர்ப்போர் பலர், ஆயினும் பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகின்றது. ஒரு கோப்பையை வீட்டு முதியவருக்கு நிறுத்தி வைப்பது பெரிய நட்டமாகாது.

மூன்றாவதாக, சாப்பாட்டோடு தேத்தண்ணீர் வேண்டாம். தேயிலைச் சாயம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடலிற் சேரவிடாது தடுக்கின்றது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். பசியை அடக்குவதற்காகத் தேத்தண்ணீர் குடிக்கும் பழைய வழக்கம் தோட்ட வாழ்க்கை எமக்குப் பழக்கிவிட்ட ஒன்று. அதனை நாம் தொடர வேண்டியதில்லை.

நான்காவதாக, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரச வைத்தியசாலைகளில் காசநோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். முதியவரின் இருமலைக் குளிரின் மேலும் அடுப்புப் புகையின் மேலும் போட்டுவிட்டு வாளாவிருத்தல் ஆகாது.

ஐந்தாவதாக, யார் எப்போது உண்கின்றார் என்பதைக் குடும்பமாகக் கவனியுங்கள். மருமகள் வேலையால் வந்து, பிள்ளைகளுக்குப் போட்டு, ஆண்கள் உண்டபின் எஞ்சியதை மாமி உண்ணும் ஒழுங்கை மாற்றி, எல்லோரும் ஒன்றாக இருந்து உண்டால் யாருடைய தட்டு வெறுமையாக இருக்கின்றது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மேற்கூறியவை வீட்டிலும் தோட்டத்திலும் செய்யக்கூடியவை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த தொழிலாளருக்கு மாத ஓய்வூதியம் வேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் அரசியல்வாதிகளும் சம்பளப் பேச்சுவார்த்தையின் ஓரத்தில் அல்லாது நடுவில் வைக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய கேள்வி, முடிவில் வருமானம் பற்றிய கேள்வியாகவும் இருக்கின்றது.

வரும் தவக்காலத்தில் எமது பங்குகளில் ஒரு சிறு முயற்சியை ஆலோசிக்கலாம். ஒருசந்தி இருக்கும் வலுவுள்ள இளையோர், தாம் விட்ட ஒரு வேளை உணவின் பெறுமதியைச் சேர்த்து, தமது லயத்தில் தனித்து வாழும் ஒரு முதியவருக்கு வாரத்துக்கு ஐந்து முட்டையும் ஒரு கிலோ பருப்பும் கொடுப்பார்களாயின், விரதம் இருந்தவருக்கும் பயன் உண்டு, பாரணை செய்தவருக்கும் பயன் உண்டு. ஏனைய சமயத்துச் சகோதரரும் தத்தம் விரத நாட்களில் இதில் இணைந்துகொள்ளலாம். தொடங்குவதற்கு ஒரு தராசும், லயத்து முதியோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றும் போதும்.